நாலு பேருக்கு ஒரே மாத்திரை

காய்ச்சல் இல்ல தாயி, கைய எடு. தொட்டா சுடத்தான் செய்யும். ரெண்டு நிமிசத்துல தன்னால அடங்கிரும், அப்புறம் குளிரும், அப்புறம் மறுபடி வரும். நாலஞ்சு நாளா மாத்திரை போட மறந்து போயிருது, அதான். எட்டு மாசமா ஒரு நாள் மறக்காதவளுக்கு இப்ப மறக்குது. என்னத்தச் சொல்ல.

நீயும் மதுரைக்குத்தான? நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கில்ல, எங்கூட வேலை பாக்குறவளுக்கு. தங்கபுஷ்பம்னு பேரு. பேருலதான் தங்கம், புஷ்பம் எல்லாம். கூறு கிடையாது. அவளால நான் படுற பாடு இருக்கே, அஞ்சு நாளா சோறு இறங்கல.

நான் சத்துணவுல சமையல். விருதுநகருக்கு அங்கிட்டு ஒரு மிடில் ஸ்கூலு. அவ எனக்கு உதவியாள். குருவம்மான்னு கேட்டா எங்க ஒன்றியத்துல அம்புட்டு பேருக்கும் தெரியும். நல்லவிதமாத் தெரியும்னு நினைக்காத, சண்டைக்காரின்னு தெரியும். தெரியட்டும். சண்டை போடாம எவன் நமக்கு என்ன குடுத்தான்? நல்ல அரிசி வேணும்னா சண்டை, கேஸ் வேணும்னா சண்டை. கடைசியில என் உடம்புக்கு ஒரு மாத்திரை வாங்க நான் போட்ட சண்டை இருக்கே, அதைச் சொன்னா இந்த பஸ்ஸு மதுரை போயித் திரும்பி வந்துரும்.

நாலு வருசத்துக்கு முன்னாடி எனக்கு உதிரப்போக்கு நிக்கல. பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தான், கட்டி இருக்குன்னான், காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டான். இருக்குன்னேன். அவ்வளவுதான் தாயி, மறுநாளே படுக்க வச்சு எல்லாத்தையும் எடுத்துட்டான். கர்ப்பப்பையும் போச்சு, முட்டைப்பையும் போச்சு. எனக்கு அப்ப நாப்பத்தாறு. பைசா செலவில்லாம முடிஞ்சுச்சேன்னு எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்லு.

எடுக்கறதுக்கு அட்டை செல்லுது. எடுத்த பெறகு வருது பாரு ஒரு வேக்காடு, அதுக்கு அட்டை செல்லாது. இது எந்த ஊரு நியாயம்? வீட்டை இடிக்கக் காசு குடுப்பானாம், கூரை போடக் குடுக்க மாட்டானாம்.

வந்துச்சு தாயி. பொசுக்குனு நெஞ்சுல இருந்து ஏறும். கழுத்து, காது, மண்டை எல்லாம் தீ. நான் நிக்கிறதே அடுப்புக்கு முன்னாடி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்குது. இந்தச் சூடு அடுப்புச் சூடா என் சூடான்னே தெரியாது. யார்கிட்ட சொன்னாலும் என்ன சொல்லுவாங்க? அடுப்படியில நின்னா வேர்க்கத்தான செய்யும்பாங்க. எங்க வீட்டுக்காரரு அதைத்தான் சொன்னாரு. ஞாயித்துக்கெழம அடுப்பே பத்த வைக்கல, ஃபேனுக்குக் கீழ படுத்திருக்கேன், சேலை நனைஞ்சு போச்சு. இப்ப எந்த அடுப்புன்னு கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டாரு.

ராத்திரி தூக்கம் போச்சு. தூக்கம் போனா புத்தி போகுது. ஒரு நாள் ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். ஒரு நாள் சோறு வடிக்கையில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, தங்கபுஷ்பம் மட்டும் பின்னாடி வந்து பிடிக்கலேன்னா அந்தக் கொதிகஞ்சி என் காலுல. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "ஏம்மா, முடியலேன்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க"ன்னாரு. இருபத்திரெண்டு வருச வேலை. எழுதிக் குடுத்துட்டுப் போகணுமாம்.

எங்க வீட்டுக்காரருக்கு சுகரு. அவருக்கு மாத்திரை ஒரு நாள் தவறாது. மகன் சென்னையில இருந்து மாசம் பொறந்தா அதுக்குன்னு தனியாப் பணம் போட்டுவிடுவான். "அப்பா மாத்திரை வாங்கியாச்சாம்மா?" அதான் போன்ல மொத வார்த்தை. நான் எனக்கு இப்பிடி இருக்குடான்னா, எள்ளுருண்டை சாப்பிடச் சொல்றாங்கம்மாங்குறான். மருமக பக்கத்துல இருந்து சோயாங்குறா. எள்ளுருண்டையும் தின்னேன், சோயாவும் தின்னேன். ரெண்டு கிலோ கூடுனதுதான் மிச்சம்.

அப்புறந்தான் சங்கத்துக் கூட்டத்துல ஒருத்தி சொல்லி, ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். நல்ல மனுசி. உக்கார வச்சுக் கேட்டாங்க. இதுக்கு ஹார்மோன் மாத்திரை இருக்கும்மா, உங்களுக்கு சின்ன வயசுலயே எடுத்துட்டாங்க, நீங்க கண்டிப்பா சாப்பிடணும்னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன். வருசக்கணக்கா ஒருத்தரும் இது நோய்னே ஒத்துக்கல, அவங்க ஒத்துக்கிட்டாங்க. எழுதிக் குடுக்கும்போது ஒண்ணு சொன்னாங்க. "உங்களுக்குக் கர்ப்பப்பை இல்ல, அதனால இந்த ஒரு மாத்திரை போதும். இருக்கிறவங்களுக்குன்னா இன்னொண்ணும் சேத்துத்தான் குடுப்போம்." எனக்கு அம்புட்டு சந்தோசம். ஒரு மாத்திரைக் காசு மிச்சம் பாரு. எடுத்ததுல ஒரு லாபமாவது இருக்கேன்னு நினைச்சேன்.

மருந்துக் கடையில விலை சொன்னான். ஒரு மாச மாத்திரை முக்கா சிலிண்டர் காசு. என் சம்பளத்துல அது என்ன ஆகும்னு நீயே பாத்துக்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "இது சாகுற நோயா? கொஞ்ச நாள்ல தன்னால போயிரும்"னாரு. உங்க சுகரு மட்டும் நாளைக்கே ஆளைச் சாகடிக்குதோன்னு கேட்டேன். அன்னைக்கு வீட்டுல ஒரு சட்டி உடைஞ்சுச்சு. நான்தான் உடைச்சேன். உடைச்சதுக்கும் எனக்குத்தான் பேச்சு விழுந்துச்சு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, இது இங்க வர்றதில்லம்மான்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்தாங்க. சலிசு விலை மருந்துக் கடைக்குப் போனேன். ரெண்டு மாசம் கிடைச்சுச்சு. சொர்க்கம் தாயி அந்த ரெண்டு மாசம். தூங்குனேன். ஹெட்மாஸ்டரைப் பாத்துச் சிரிச்சேன், அந்தாளு பயந்துட்டாரு. மூணாவது மாசம் போனா லோடு வரலங்குறான். நாலாவது மாசமும் வரல. அதே கடையில சுகர் மாத்திரை மட்டும் பெட்டி பெட்டியா அடுக்கிக் கிடக்கு. சுகரு ஆம்பளைக்கும் வருது, அதான் லோடு வருதுன்னு கடையில வச்சே சொன்னேன். வரிசையில நின்ன ஆம்பளைக எல்லாம் செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

நான் விடுவேனா? மொத்தமா மருந்து விக்கிற ஏஜென்சிக்காரன் ஒருத்தனைப் பிடிச்சேன். எப்பிடிப் பிடிச்சேன்னு கேக்காத. கால் சிலிண்டர் காசுக்குத் தர்றேன்னான். ஆனா பெட்டியை உடைக்க மாட்டேன், முழுசா எடுக்கணும்னான். பெட்டிக்குப் பன்னெண்டு மாத்திரை அட்டை, ஒரு அட்டை ஒரு மாசத்துக்கு. அத்தனையும் ஒரே நேரத்துல வாங்க நான் எங்க போறது? மோதிரம்கூட பேங்குல அடகுல கிடக்கு.

இப்பதான் தாயி என் மூளையை நீ பாக்கணும். எங்க சத்துணவுல ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஸ்கூல்ல பருப்பு குறைஞ்சா பக்கத்து ஸ்கூலு குடுக்கும். எங்களுக்கு எண்ணெய் குறைஞ்சா அவங்க குடுப்பாங்க. ஆபீசுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கண்டுக்க மாட்டாங்க. பருப்பு எந்த ஸ்கூல்ல வெந்தா என்ன, பிள்ளைக வயித்துக்குத்தான போகுது. அதே மாதிரி இதையும் பங்கு வச்சேன். நாலு பேரு, ஆளுக்கு மூணு அட்டை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டி. டாக்டர் சீட்டு என்னோடது இருக்கு, அது போதும்னுட்டான். பக்கத்து ஸ்கூல்ல சமைக்கிற சண்முகக்கனி வந்தா, ஜக்கம்மா வந்தா. ரெண்டு பேருக்கும் வயசு அம்பதுக்கு மேல, ரெண்டு பேருக்கும் வேக்காடு. எப்பிடிச் சந்தோசப்பட்டாங்க தெரியுமா? ஜக்கம்மா என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தங்கபுஷ்பத்தோட நாலு.

டாக்டருக்கு ஃபீஸ் இல்ல, பஸ் காசு இல்ல, அரை நாள் சம்பளம் போகல. நாலு பொம்பளைக வீட்டுல ஒருத்தன்கிட்டயும் கையேந்தாம நிம்மதியாத் தூங்குனோம். அரசாங்கம் செய்யாததை நான் செஞ்சேன். நீயே சொல்லு, இது தப்பா?

என்ன கேட்ட?

அஞ்சு நாளா என் மனசு கேக்குறதையே நீயும் கேக்குறியா. அவங்களுக்குக் கர்ப்பப்பை இருந்துச்சு. மூணு பேருக்கும் இருந்துச்சு. அந்த இன்னொரு மாத்திரை சாப்பிடல. ஆமா, சாப்பிடல. அது என்ன விலைன்னு உனக்குத் தெரியுமா? கடையில போயி கேட்டுப் பாரு. நான் என்ன நினைச்சேன்னா, டாக்டருங்கன்னா ஒண்ணுக்கு ரெண்டா எழுதுறது வழக்கந்தான, வியாபாரம்னு நினைச்சேன். ஒரு தலைவலிக்குப் போனா நாலு கலர்ல மாத்திரை எழுதுறாங்க இல்லையா? அதுல நாம எத்தனை திங்கிறோம்? அப்பிடி இதுன்னு விட்டுட்டேன். அந்தம்மா ஏன் எதுக்குன்னு விளக்கிச் சொல்லியிருக்கணும்ல? இருக்கிறவங்களுக்குக் குடுப்போம்னு மட்டும் சொன்னாப் போதுமா? சேத்துச் சாப்பிடலேன்னா இன்னது ஆகும்னு சொல்லணும். எனக்குச் சொல்லத் தேவையில்லைன்னு விட்டுட்டாங்க போல. எப்பிடி இருக்கு?

தங்கபுஷ்பம், போன பொங்கல்ல இருந்து லேசா ரத்தம் படுதுன்னா. ரெண்டு வருசமா நின்னு போனது. எனக்கென்ன தெரியும்? மாத்திரை வேலை செய்யுதுடி, உடம்பு இளசாகுதுன்னு சொன்னேன். சிரிச்சா. அப்புறம் சொல்லவே இல்ல. சேலையில கறை தெரிஞ்சாத்தான் எனக்குத் தெரியும், அவ ஏப்ரன் கட்டிக்கிட்டே திரிஞ்சா. அஞ்சு நாளைக்கு முன்னாடி முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தவ அப்பிடியே சாஞ்சுட்டா. கீழ பாத்தா ரத்தம். பிள்ளைக அம்புட்டும் தட்டை வச்சுக்கிட்டுப் பாக்குதுக. நான் அவளைத் தூக்கிட்டு ஓடுனேன், அவ என்னடான்னா "அக்கா முட்டையை மூடி வைங்க"ங்குறா.

விருதுநகர்ல பாத்துட்டு மதுரைக்கு அனுப்பிட்டாங்க. உள்ள சதை தடிச்சுப் போயி கிடக்காம். ஏன் இப்பிடி ஆச்சுன்னு தெரியல, புத்துநோயா இருக்குமோன்னு பாக்கணும்கிறாங்க. சுரண்டி எடுத்து சோதிக்கணுமாம். ரத்தம் நிக்காட்டி மொத்தமா எடுத்துருவாங்களாம். வர்ற டாக்டரு எல்லாம் ஒரே கேள்வி. "ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா?" அவ இல்லைங்குறா.

நான்தான் சொல்ல வேணாம்னேன். ஏன் அப்பிடிப் பாக்குற? கேளு. அந்த ஏஜென்சிக்காரனுக்கு எப்பிடியோ தெரிஞ்சு போச்சு. போன் போட்டான். என் பேரு எங்கயாவது வந்துச்சு, அப்புறம் உங்களுக்கு ஒரு அட்டை கிடையாது, ஜில்லாவுல ஒரு பய குடுக்க மாட்டான், பாத்துக்கன்னான். எடுபட்ட பய. ஆனா அவன் சொன்னதுல பொய் இல்ல. அவன் இல்லேன்னா எனக்கு யாரு? மறுபடியும் அந்த முக்கா சிலிண்டரு. மறுபடியும் ராத்திரியெல்லாம் முழிப்பு. மறுபடியும் கொதிகஞ்சிக்கு முன்னாடி கண்ணு இருட்டும். ஹெட்மாஸ்டர் பேப்பரும் பேனாவும் ரெடியா வச்சுக்கிட்டு இருக்காரு. என் வேலை போனா அந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்? இப்பவே என்ன வாழுது?

டாக்டருக எதுக்குப் படிச்சாங்க? கருவி இருக்கு, ஸ்கேன் இருக்கு, ரத்தத்தை எடுத்துப் பாத்தா தெரியாதா என்ன சாப்பிட்டான்னு? சொன்னாத்தான் தெரியும்னா அது என்ன படிப்பு?

எல்லாத்தையும் விடு. எனக்கு ஆத்திரம் அவ மேலதான். அவளுக்கு வேக்காடே கிடையாது தாயி. தெரியுமா? ஒரு நாளும் வேர்த்ததில்ல. ராத்திரி கட்டை மாதிரித் தூங்குவா. மூணு பேருதான் சேந்தோம், நாலாவது பங்குக்கு ஆளு கிடைக்கல, பெட்டி எடுக்க முடியலேன்னு அடுப்படியில புலம்பிக்கிட்டு இருந்தேன். "நான் வர்றேங்கா"ன்னா. சரி வாடின்னேன். அப்பவே அவ என்ன சொல்லியிருக்கணும்? அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எதுக்குச் சாப்பிடணும்னு கேட்டிருக்கணுமா இல்லையா? சரி, காசு குடுத்தா, குடுத்தவ வாங்கி எனக்கே தந்திருக்கலாம்ல, இல்ல குப்பையில போட்டிருக்கலாம்ல? காசு குடுத்தது வீணாகக் கூடாதுன்னு தினம் ஒண்ணு எடுத்துப் போட்டிருக்கா. வாய் இல்லையா அவளுக்கு? நான் ஒண்ணு சொன்னா அப்பிடியே செய்யணுமா? நான் என்ன அவளைப் பெத்தவளா? இப்பவும் பாரு, சொல்லாதேன்னேன், சொல்லாமக் கிடக்கா. செத்தாலும் சொல்ல மாட்டா இவ. அதான் தாயி எனக்குப் பயமா இருக்கு.

இரு, போன் அடிக்குது. அவதான்.

சொல்லுடி. பஸ்ல இருக்கேன், கள்ளிக்குடி தாண்டிட்டேன். நீ சாப்டியா? ஏன் சாப்பிடக் கூடாதுன்னாங்க? ஆபரேசன் இன்னைக்கேவா? நாளைக்குன்னுல்ல சொன்னாங்க. ரத்தம் நிக்கலையா? எத்தனை பாட்டில் ஏத்தியிருக்கு? உன் மகள் கையெழுத்துப் போட்டுட்டாளா? மறுபடி கேட்டாங்களா? நீ என்ன சொன்ன?

கேட்டியா தாயி. சொல்லலையாம். சத்தியமாச் சொல்லலக்கா, நீங்க பயப்படாம வாங்கங்குறா. என்னையப் பயப்படாதங்குறா.

ஏய். ஏ தங்கபுஷ்பம். பக்கத்துல நர்சம்மா யாரும் நிக்கிறாங்களா? போனை அவங்ககிட்ட குடு. எதுக்குன்னு கேக்காத. குடுன்னா குடு. இத்தனை நாளு நான் சொன்னதை எல்லாம் கேட்டேல்ல, இதையும் கேளு.

அம்மா, வணக்கம்மா. நான் அவகூட வேலை பாக்குறவ. அவ சொல்றது பொய்யி. எட்டு மாசமா ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டிருக்கா. தினம் ஒண்ணு. ஆமா, டாக்டரைக் கூப்பிடுங்க, நான் லயன்லயே இருக்கேன். சத்தமாத்தான் பேசுவேன், பஸ்ஸுல எல்லாரும் கேக்கட்டும். பேரா? இருங்க. தாயி, இந்தா, இந்த அட்டையப் பிடி. இங்கிலீசுல இருக்கு, எனக்கு வாசிக்க வராது. போன்ல நீ சொல்லு. எழுத்து எழுத்தாச் சொல்லு. மில்லிகிராமும் சொல்லிரு. சொல்லிட்டியா? கொண்டா.

ஆமா டாக்டர். அது மட்டுந்தான். கூட இன்னொண்ணு சாப்பிடல. இல்ல சார், தனியாத்தான். எனக்குத் தெரியும், எனக்கு ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. சீட்டு என்னோடது. நான்தான் வாங்கிக் குடுத்தேன். எங்க வாங்குனேன்னா? ஏஜென்சி பேரு சொல்றேன், ஊரும் சொல்றேன், அவன் போன் நம்பரும் என்கிட்ட இருக்கு, எழுதிக்கங்க. இன்னும் ரெண்டு பேரு இதே மாத்திரை சாப்பிடுறாங்க சார், அவங்களுக்கும் கர்ப்பப்பை இருக்கு. இன்னைக்கே நிறுத்தச் சொல்றேன். நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன், வையாதீங்க அவங்களை, வையறதா இருந்தா என்னைய வைங்க. சார், ஒண்ணு கேக்குறேன். இது மாத்திரையால வந்ததுன்னா, அது புத்துநோய் இல்லையில்ல? சோதிச்சாத்தான் தெரியுமா. சரி. சரி சார். ஆனா சொன்னது நல்லதுன்னு சொன்னீங்கல்ல, அது போதும். போனை அவகிட்டயே குடுங்க.

ஏண்டி அழுவுற? நான்தான் அழுவணும். நான் வந்துருவேன், நீ தியேட்டர்ல இருந்து வெளிய வரும்போது வாசல்ல நிப்பேன். என்ன? சத்தமாச் சொல்லுடி, பஸ் இரைச்சல் கேக்க மாட்டேங்குது. என்ன கேக்குற?

கேட்டியா தாயி இவ கேக்குறத. கையில ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கு, ஸ்ட்ரெச்சர் வந்து நிக்குதாம், கூட்டிட்டுப் போக. "அப்ப இனிமே உங்க மாத்திரைக்கு என்னக்கா செய்வீங்க"ன்னு என்கிட்ட கேக்குறா. இவளை நான் என்ன செய்ய, சொல்லு.